கூண்டில் நிற்பவருக்கு யார் துணை?

ஆஸ்பத்திரிப் படியும் கோர்ட்டுப் படியும் ஏறாமல் இருப்பதே பெரிய பாக்கியம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, பாஷை சரியாகத் தெரியாத நகரத்தில் குடும்பம் நடத்தும் நம்மவர்களுக்கு அந்தப் பாக்கியம் எப்போதும் கிடைத்துவிடுவதில்லை. கடையில் பொருள் குறைந்தால் முதலில் சந்தேகப்படுவது வெளியூர்க்காரப் பையனைத்தான். குழாயடிச் சண்டை கூட கிரிமினல் கேஸாக முடிவதுண்டு. அப்படி ஒரு நாள் வந்துவிட்டால் என்ன செய்வது, யாரிடம் போவது, வக்கீல் இல்லாமல் நாமே பேசலாமா என்பதை எனக்குத் தெரிந்தவரை இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் ஒரு முறை கூண்டில் நின்றவன்.

நானே வாதாடிய கதை

1994-இல் சயான் பக்கம் ஒரு சாலில் குடியிருந்தேன். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பக்கத்து அறைக்காரருக்கும் எனக்கும் வாய்ச்சண்டை. கைகலப்பில் அவர் கீழே விழுந்து முழங்கையில் சிராய்ப்பு. அவர் நேரே மாஜிஸ்திரேட்டிடம் புகார் மனு கொடுத்துவிட்டார். எனக்குச் சம்மன் வந்தது. 'நம் பக்கம் உண்மை இருக்கிறது, வக்கீலுக்கு எதற்குத் தண்டமாகப் பணம்?' என்று நினைத்தேன். வீட்டில் சொன்னதையும் கேட்காமல், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நானே போய் நின்றேன்.

அவர் சாட்சி சொல்லி முடித்ததும் "குறுக்கு விசாரணை செய்யலாம்" என்றார் மாஜிஸ்திரேட். நான் கேட்ட முதல் கேள்வி இது: "நான் உங்களைத் தள்ளியபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்?" கேட்ட மறுகணம் கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தள்ளவே இல்லை என்பதுதான் என் கட்சி. அதை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன். அடுத்து, "ஏன் என் மேல் பொய் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் மூன்று வருஷத்துப் பழைய சண்டைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கினார். அத்தனையும் பதிவாகிவிட்டது. நான் கோபத்தில் பேச ஆரம்பித்தபோது, "கேள்வி மட்டும் கேளுங்கள், பிரசங்கம் வேண்டாம்" என்றார் மாஜிஸ்திரேட். அவர் மேல் தப்பே இல்லை.

நல்லவேளை, சாதாரணக் காய வழக்கு என்பதால் காயம்பட்டவர் சம்மதித்தால் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இரு பக்கத்துப் பெரியவர்களும் பேசி, கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்துக் கேஸ் முடிந்தது. அதற்குள் நான் போட்ட லீவுகளைக் கணக்குப் பார்த்தால் வக்கீல் ஃபீஸைவிட அதிகம்.

நாமே வாதாடலாமா?

வாதாடலாம். சட்டம் தடுக்கவில்லை. தனக்கு விருப்பமான வக்கீலை வைத்துக்கொள்வது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. அது உரிமையே தவிர, கட்டாயம் அல்ல. தானே சாட்சிகளை விசாரிக்கலாம், தானே மனு எழுதிக் கொடுக்கலாம், தானே வாதாடலாம்.

நம் சார்பில் ஒரு நண்பரோ ஊர்ப் பெரியவரோ பேசலாமா என்று பலர் கேட்கிறார்கள். கோர்ட் அனுமதித்தால் மட்டுமே முடியும். 1961-ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, ஒரு குறிப்பிட்ட வழக்கில் வக்கீல் அல்லாதவரையும் அனுமதிக்கும் அதிகாரத்தைக் கோர்ட்டுக்குத் தருகிறது. ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது.

முடியும் என்பதற்காகச் செய்யலாமா என்பது வேறு கேள்வி. போக்குவரத்து அபராதம் போன்ற சிறு விஷயங்களுக்கு நாமே போய்வரலாம். ஆனால் சிறைத் தண்டனைக்கு இடமுள்ள எந்த வழக்கிலும் தனியாக நிற்காதீர்கள் என்றுதான் அனுபவப்பட்டவன் என்ற முறையில் சொல்வேன். பணம் இல்லை என்பது அதற்குக் காரணமாக இருக்கவே கூடாது. ஏனென்றால் பணம் இல்லாதவருக்கு வக்கீல் கொடுப்பது அரசின் கடமை.

இலவச வக்கீல் - தருமம் அல்ல, உரிமை

இந்த உரிமை ஒரே நாளில் வந்ததல்ல. 1976-இல் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஏழை என்பதால் யாருக்கும் நீதி மறுக்கப்படாமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது அதன் சாரம். 1979-இல் ஹுஸைனாரா காத்தூன் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் பலர், குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனைக் காலத்தைவிட அதிகக் காலம் அடைபட்டுக் கிடந்தது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. 1980-இல் பாகல்பூர் வழக்கில், முதல் தடவை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே இந்த உரிமை ஆரம்பமாகிறது, அதை எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று தீர்ப்பாயிற்று.

1986-இல் வந்த சுக் தாஸ் வழக்கை நம்மவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அருணாசலப் பிரதேசத்தில் மிரட்டல் வழக்கில் சிக்கியவர் அவர். வக்கீல் வைக்க வசதியில்லை. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் தெரியவில்லை. இரண்டு வருஷத் தண்டனை கிடைத்தது. இலவச வக்கீல் கேட்கலாம் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை என்பதால் உரிமை போய்விடாது, சொல்லாமல் விட்டதே தப்பு என்று கூறி, சுப்ரீம் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது.

1987-இல் இதற்கென்றே சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் உண்டு. அதன் அலுவலகம் பெரும்பாலும் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். தேசிய உதவித் தொலைபேசி எண் 15100.

யாருக்குக் கிடைக்கும்? பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் - இவர்களுக்கு வருமானம் ஒரு தடையே இல்லை. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வக்கீல் ஃபீஸ் மட்டுமல்ல, நகல் எடுக்கும் செலவு, அப்பீல் தயாரிக்கும் செலவு, பத்திரங்களை மொழிபெயர்க்கும் செலவு கூட இதில் அடங்கும். இப்படி நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் ஆணையத்தில் எழுதிக் கொடுங்கள்.

'இலவச வக்கீல் என்றால் ஏனோதானோவென்றுதானே செய்வார்?' என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். பிடிக்காவிட்டால் மாற்றித் தரும்படி மனு கொடுக்கலாம். 2022-இலிருந்து பல மாவட்டங்களில், வேறு வழக்கு எதுவும் எடுக்காமல் இலவச வழக்குகளை மட்டுமே நடத்தும் முழுநேர வக்கீல்களை நியமிக்கும் திட்டமும் வந்திருக்கிறது.

முதல் இருபத்துநான்கு மணி நேரம்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறினவே தவிர, கைதானவரின் அடிப்படை உரிமைகள் மாறவில்லை.

ஏன் கைது செய்கிறோம் என்று போலீஸ் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், ஆனால் முழு நேரமும் அவர் கூட இருக்க முடியாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஏழு வருஷத்துக்கு உட்பட்ட தண்டனையுள்ள குற்றங்களில் உடனே கைது செய்துவிடாமல், அவசியம் உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்ல வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் அவசியம் போக வேண்டும். பயந்து ஊருக்கு ஓடினால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமான தீர்ப்பு ஒன்று 2025 நவம்பரில் வந்தது. கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்து மூலம் தர வேண்டும் என்பதே அது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு மராத்தியில் ஒரு தாளை நீட்டிவிட்டால் போதாது.

கையெழுத்து விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதை. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணையின்போது போலீஸார் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. கைதுக் குறிப்பு போன்றவற்றில் கையெழுத்து உண்டு. படிக்கத் தெரியாத பாஷையில் இருந்தால், 'இதில் உள்ளது எனக்குப் புரியவில்லை' என்று தமிழிலேயே எழுதிவிட்டுக் கீழே கையெழுத்துப் போடுங்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துக் குற்றத்தை நிரூபிக்க முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது வாயைத் திறந்து மூன்று விஷயம் சொல்ல வேண்டும். எனக்கு வக்கீல் இல்லை. இலவச வக்கீல் வேண்டும். எனக்குத் தமிழ்தான் புரியும். ஹிந்தியில், "மேரே பாஸ் வக்கீல் நஹீ ஹை, முஜே முஃப்த் வக்கீல் சாஹியே, முஜே சிர்ஃப் தமிழ் ஆத்தீ ஹை." இதில் ஒரு எச்சரிக்கை. பலர் "சர்க்காரி வக்கீல் சாஹியே" என்று கேட்டுவிடுகிறார்கள். சர்க்காரி வக்கீல் என்றால் நமக்கு எதிராக வாதாடும் அரசுத் தரப்பு வக்கீல்!

அடித்திருந்தால், காயம் இருந்தால், அதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் நம்புவது கஷ்டம்.

ஜாமீனுக்கு உள்ளூர்க்காரர்தான் வேண்டுமா?

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் தவிப்பவர்களில் வெளியூர்க்காரர்களே அதிகம். உள்ளூரில் சொத்துள்ளவர் உத்தரவாதம் தர வேண்டும் என்றால் நாம் யாரைக் கேட்போம்?

1978-இல் மோதி ராம் என்ற ஏழைக் கொத்தனாரின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டிருந்தார்கள். அவருடைய சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. ஒரு மலையாளியோ கன்னடியரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தாரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பில் கேட்டார். மோதி ராமை ஆயிரம் ரூபாய் சொந்த ஜாமீனில் விட உத்தரவாயிற்று. உங்கள் வக்கீல் இதை மறந்திருந்தால் ஞாபகப்படுத்துங்கள்.

இன்னும் மூன்று விஷயங்கள். ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் தர முடியாவிட்டால், அவரை ஏழை என்று கருதிச் சொந்த ஜாமீனில் விட வேண்டும். போலீஸ் 60 நாளில், மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது பத்து வருஷமும் அதற்கு மேலும் தண்டனையுள்ள வழக்குகளில் 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும். குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் மனுப் போட்டுவிட வேண்டும். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், தன் மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால், புதிய சட்டப்படி அவரை ஜாமீனில் விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

"ஒப்புக்கிட்டா முடிஞ்சிருமாம் அண்ணாச்சி"

2018-இல் எங்கள் கட்டிடத்தில் இருந்த ஒரு அம்மாள் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கணவர் இல்லை. மகன் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். சரக்கு குறைகிறது என்று முதலாளி திருட்டுக் கேஸ் கொடுத்து, பதினோரு நாள் உள்ளே இருந்து ஜாமீனில் வந்திருந்தான். மறுநாள் கோர்ட்டில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டும் நாள்.

"அண்ணாச்சி, கோர்ட்டு வாசல்ல ஒருத்தர் சொன்னாவ. குத்தத்தை ஒப்புக்கிட்டா அபராதம் கட்டிட்டு அன்னைக்கே வந்துரலாமாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போவுது. ஒப்புக்கிடலாமா?"

"ஏலே, நீ எடுத்தியா?" என்று பையனைக் கேட்டேன்.

"இல்ல மாமா. சத்தியமா இல்ல."

"எடுக்காதவன் எதுக்குலே ஒப்புக்கிடணும்?" என்றேன்.

அவனுக்குப் பதில் தெரியவில்லை. ஒன்றுமே செய்யாத பிள்ளை, அலைச்சல் தாங்காமல் திருடன் என்று பேர் வாங்கிக்கொள்ளத் தயாராகிவிட்டான். வேலைக்காரன் முதலாளியின் பொருளைத் திருடினால் ஏழு வருஷம் வரை சிறைக்கு இடமுண்டு. அபராதத்தோடு முடியும் என்று வாசலில் நிற்பவர் எப்படி உத்தரவாதம் தர முடியும்? ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றால், தண்டனையின் அளவு அல்லது அது சட்டப்படி சரியா என்பதைப் பற்றி மட்டுமே பொதுவாக அப்பீல் செய்யலாம். செய்யவில்லை என்று பிறகு சொல்ல வழியில்லை. வேலை, பாஸ்போர்ட், கல்யாணப் பேச்சு எல்லாவற்றிலும் அது கூடவே வரும்.

மறுநாள் நானும் கூடப் போனேன். ஒப்புக்கொள்ளவில்லை என்று பையன் சொன்னான். வெளியே வந்து சட்ட உதவி அலுவலகத்தில் வருமானச் சான்றிதழோடு மனு கொடுத்தோம். கிடைத்த வக்கீல் ஒரு இளம் மராத்திப் பெண். அவர் முதலில் கேட்டது குற்றப்பத்திரிகையின் நகல். அது குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டிய ஒன்று. பையனிடம் இருந்தது, ஆனால் யாரும் படிக்கவில்லை. அவர் முழுதும் படித்துவிட்டு, "சரக்குக் கணக்குப் புத்தகமே இதில் இல்லையே, எவ்வளவு குறைந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்றார். அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் கேஸ் நடந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பையன் விடுதலையானான்.

1994-இல் எனக்கு இப்படி ஒருவர் இருந்திருந்தால் அந்த அசட்டுக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன்.

பாஷை தெரியாதவர் விசாரணையில்

சாட்சி சொல்வது குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் இருந்தால், திறந்த கோர்ட்டில் அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 'மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள். புரியாமல் தலையை ஆட்டுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு.

கடைசியில் மாஜிஸ்திரேட் உங்களிடமே கேள்விகள் கேட்பார். அதற்குச் சத்தியப்பிரமாணம் கிடையாது. பதில் சொல்லாவிட்டாலும் தண்டனை கிடையாது. பதிலை எழுத்து மூலமாகவும் கொடுக்கலாம். வக்கீலோடு கலந்து பேசிவிட்டு நிற்பது நல்லது.

ஆந்திரத்தில் செம்மரக் காட்டில் 2013 டிசம்பரில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்ட வழக்கில், தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 2016-இல் திருப்பதி கோர்ட் அவர்களை விடுதலை செய்தது. அதுவரை இரண்டு வருஷத்துக்கு மேல் பாஷை தெரியாத ஊரில் வழக்கை எதிர்கொண்டார்கள். விடுதலை வந்தாலும் போன வருஷங்கள் திரும்பி வரவில்லை.

நாம் செய்யக்கூடியது

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. தமிழ் தெரிந்த வக்கீல்கள், மராத்தியும் தமிழும் நன்றாகப் பேசக்கூடிய அங்கத்தினர்கள் இவர்களின் பட்டியல் ஒன்று அலுவலகத்தில் இருக்கட்டும். யாராவது கைதானால் அன்றே ஒருவர் கூடப் போனால் போதும். கூடப் போவதால் நாம் குற்றத்துக்கு உடந்தையாகிவிட மாட்டோம். அவர் செய்தாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கக் கோர்ட் இருக்கிறது.

இதைப் படித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் தொங்கும் காலண்டரின் ஓரத்தில் 15100 என்று எழுதி, பக்கத்தில் 'இலவச வக்கீல்' என்று குறித்து வையுங்கள். அதைக் கூப்பிட வேண்டிய நாள் உங்களுக்கு வராமலே போகட்டும். பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் சொல்வதற்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.